256 பைட்டுக்காக நான்கு மாதம்

நண்பர் அந்த ரேடியோவை என் மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணுக்கும் உதவாது" என்றார். ஒரு காலத்தில் ஏதோ வண்டியில் பூட்டியிருந்த விஎச்எஃப் ரேடியோ. 1990-களின் தொடக்கத்தில் வந்தது. வார்ப்பு அலுமினிய உடம்பு, பின்பக்கம் முழுக்க ஹீட் சிங்க், தூக்கினால் இரண்டு செங்கல் கனம். 13.8 வோல்ட் கொடுத்ததும் சிவப்பில் '1' என்று எரிந்தது. ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோட் ஒன்றை மாட்டி மைக்கை அழுத்தினேன், வாட்மீட்டர் 24-ஐக் காட்டியது. 25 வாட் ரேடியோ முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒரே ஒரு வாட்தான் இழந்திருக்கிறது. ரிசீவரும் அப்படித்தான். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து கால் மைக்ரோவோல்ட் விட்டால்கூடத் தெளிவாகக் கேட்டது. உள்ளே திறந்து பார்த்தேன். ஒரு கெபாசிட்டர்கூட ஒழுகவில்லை. சாலிடர் ஒவ்வொன்றும் நேற்று வைத்ததுபோல மின்னியது.

நண்பர் சொன்னதும் உண்மைதான். முகப்பில் இருப்பது ஒரு சேனல் குமிழ், ஒரு வால்யூம், இரண்டு பட்டன், அவ்வளவே. அலைவரிசையைத் தட்டச்சு செய்ய வழியே கிடையாது. 16 சேனலும் உள்ளே ஒரு சின்ன சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் கணினி வேண்டும், கேபிள் வேண்டும், தயாரித்த நிறுவனத்தின் நிரல் வேண்டும். கணினி எங்கும் கிடைக்கும், கேபிளை நாமே செய்துகொள்ளலாம், அந்த நிரல்தான் கிடையாது. எப்போதோ விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆக இந்த ரேடியோ, யாருக்கோ எப்போதோ ஒதுக்கப்பட்டு இன்று ஒருவரும் கேட்காத சேனல்களில் மட்டும் பேசும். எனக்கு வேண்டியது ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேச உரிமம் பெற்றவர்கள், பேசும் 145.500 மெகாஹெர்ட்ஸ்.

அந்த 145.500 அடங்கிய இரண்டு மீட்டர் பேண்டில் பேசும் மூத்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, அதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? கையடக்க செட் ஒண்ணு புதுசா வாங்கிடுங்களேன், எந்தத் தலைவலியும் இல்லை" என்றார். "இல்ல சார், கெட்டுப்போயிருந்தா வாங்கிடலாம். இது கெட்டே போகலையே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் ஆறவில்லை. டிரான்சிஸ்டர் எரிந்தால் மாற்றலாம், கிரிஸ்டல் போனால் வேறு தேடலாம். இங்கே எதுவும் போகவில்லை. கதவு நல்ல கதவு, பூட்டும் நல்ல பூட்டு, சாவி மட்டும் நம்மிடம் இல்லை. இதை எந்தக் கணக்கில் 'பழுது' என்று எழுதுவது?

முறையாகவே தொடங்கினேன். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாளில் இரண்டு வரிப் பதில்: அந்த மாடலுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது, தற்போதைய மாடல்களைப் பார்க்கவும். நான் விடவில்லை. "நீங்கள் இனி விற்கப்போவதில்லை என்றால் எனக்குக் கொடுத்துவிடலாமே, எதற்கும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. விற்பதை நிறுத்துவதும் உரிமையை விடுவதும் ஒன்றில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 1992-ல் ஒரு நிறுவனம் வெளியிட்ட நிரல் என்றால், அமெரிக்கச் சட்டப்படி வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு பதிப்புரிமை, அதாவது 2087 முடியும்வரை. அந்த ரேடியோவை வடிவமைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஓய்வுபெற்றிருப்பார்கள். 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்று நாம் பேச்சுக்குச் சொல்லிக்கொள்கிறோம். சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இதே வகை ரேடியோக்கள் ஆம்புலன்சிலும் தீயணைப்பு வண்டியிலும் இருந்தவை. நிரல் கண்டவர் கைக்குப் போனால் தெரியாத ஒருவர் ஏதோ அலைவரிசையை எழுதி நடுவே நுழைந்துவிடலாம். அந்தக் காலத்தில் அது உண்மையான கவலை. இன்று மலிவாகக் கிடைக்கும் கையடக்க செட்டில் கீபேடிலேயே எந்த எண்ணையும் தட்டிவிட முடிகிறபோது, முப்பது வருடப் பழைய ஒரு நிரலை மட்டும் பூட்டி வைத்துக் காப்பாற்றுவது யாரை என்று எனக்குப் புரியவில்லை.

சரி, தேடினேன். முதலில் கிடைத்த ஜிப் கோப்பில் பெயர் சரியாக இருந்தது, உள்ளே வேறு மாடலுக்கான நிரல். இரண்டாவதைத் தரவிறக்கியதும் சந்தேகம் வந்தது. 38 எம்பி. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் விற்ற நிரல் எப்படி 38 எம்பிக்கு ஊதும்? சோதித்துப் பார்த்தால் உள்ளே ரேடியோவுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு விருந்தாளி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கோப்பு சரியானதுதான் போலிருந்தது, ஆனால் கடவுச்சொல் கேட்டது. அந்தக் கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்த பக்கமே இப்போது இல்லை. இப்படியே இரண்டு மாதம். தேடலில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன்: நிரல் தன்னிடம் இருப்பதாக யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் எல்லாரும் ரேடியோவை ப்ரோகிராம் செய்து வைத்திருக்கிறார்கள். "ஒரு நண்பர் செய்து கொடுத்தார்" என்பார்கள். அந்த நண்பரைக் கேட்டால் அவருக்கும் ஒரு நண்பர்.

சைலன்ட் கீ

கடைசியில் கிடைத்தது ஒரு இறந்த மனிதரிடமிருந்து. ஹாம் வட்டத்தில் காலமானவரை 'சைலன்ட் கீ' என்று சொல்வோம். மோர்ஸ் தட்டும் அந்தக் கீ இனி ஒலிக்காது என்று பொருள். அவர் இதே மாடலைப் பற்றி ஒரு சொந்த இணையப் பக்கம் வைத்திருந்தார். அவர் போனபின் தளத்துக்குப் பணம் கட்ட ஆளில்லாமல் அது மறைந்துவிட்டது. ஆனால் 1996-லிருந்து இணையப் பக்கங்களைப் படியெடுத்துச் சேர்த்துவரும் இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷினில்' அந்தப் பக்கத்தின் பழைய நகல் இருந்தது. சாம்பல் நிறப் பின்னணி, நீல நிற இணைப்புகள், அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓடும் எண்ணி. இப்படிப்பட்ட நகல்களில் எழுத்துகள் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கும், கோப்புகள் பெரும்பாலும் இருக்காது. நம்பிக்கையில்லாமல்தான் இணைப்பைச் சொடுக்கினேன். 611 கேபி, இறங்கியது.

கூடவே ஒரு ரீட்மி கோப்பு. அவரே எழுதியது. "நிரலை ஓட்டும் முன் ரேடியோவில் இருப்பதைப் படித்துச் சேமியுங்கள். மறந்தால் என்னிடம் அழாதீர்கள்" என்ற தொனியில் நான்கு வரி. முன்பின் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்குச் சட்டென்று ஒரு மரியாதை வந்துவிட்டது. பழைய ரேடியோவைக் கையாளும் யாரும் முதலில் கற்கும் பாடம் அதுதான், பெரும்பாலும் ஒரு ரேடியோவைக் கெடுத்த பிறகுதான் கற்போம்.

வேகமாக இருப்பதும் ஒரு குறை

நிரல் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். நிரல் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கானது. என் கணினியில் இருக்கும் 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரலைத் திறந்துகூடப் பார்க்காது. டாஸைப்போல நடிக்கும் டாஸ்பாக்ஸில் ஓட்டினால் திறந்தது, ரேடியோவைப் படிக்கச் சொன்னால் 'பதில் இல்லை' என்றது. அறையின் மூலையில் கிடந்த, நேரடியாக டாஸ் ஓடக்கூடிய ஒரு மேசைக் கணினியில் ஏற்றினேன். நிரலின் முகப்பே வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி: ரன்டைம் எரர் 200.

இந்த எரருக்குப் பின்னால் இருக்கும் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய பல நிரல்கள் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை ஒருமுறை அளந்துகொள்ளும். கடிகாரத்தின் ஒரு துடிப்பு சுமார் 55 மில்லிசெகண்ட். அந்த நேரத்துக்குள் ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, 55-ஆல் வகுத்து, ஒரு மில்லிசெகண்டுக்கு இவ்வளவு என்று குறித்துக்கொள்ளும். அந்த விடையை வைக்க ஒதுக்கிய இடம் 16 பிட், அதாவது அதிகபட்சம் 65,535. எழுதிய காலத்தில் எந்தக் கணினியும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. கணினிகள் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகு விடை அந்த இடத்துக்குள் அடங்காமல் போய், நிரல் பிறந்த நொடியிலேயே செத்துவிழ ஆரம்பித்தது. கணினி மெதுவாக இருப்பதால் ஓடாத நிரல்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். வேகமாக இருப்பதால் ஓடாமல் போனதை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

எரர் 200-க்கு ஒட்டுப் போடும் சிறு கருவிகள் உண்டு. போட்டேன். முகப்பு வந்தது, ஆனால் ரேடியோ அப்போதும் பதில் சொல்லவில்லை. ரேடியோவோடு பேசும் பகுதியிலும் இடைவெளிகளைச் சுழற்சி எண்ணித்தான் அளந்திருக்கிறார்கள் போல. இந்தக் கணினி ரேடியோவிடம் கேள்வி கேட்டுவிட்டு, அது மூச்சு விடுவதற்குள் 'பதில் இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறது.

அலுவலக நண்பர் ஒருவர் பரணிலிருந்து பழைய, மெதுவான 486 மடிக்கணினி ஒன்றை இறக்கிக் கொடுத்தார். உள்பேட்டரி செத்திருந்ததால் ஒவ்வொரு முறை போடும்போதும் அது 1980 ஜனவரி 1-ல் கண் விழித்தது. அதில் ஃப்ரீடாஸ் ஏற்றினேன். மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும் 1994-ல் ஒரு மாணவர் தொடங்கிய திட்டம் அது. இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கதையில் கைவிடப்பட்ட ஒன்றை யாரோ சரியான நேரத்தில் கையில் எடுத்த இடம் அது ஒன்றுதான்.

கேபிளை நானே செய்தேன். கணினியின் சீரியல் போர்ட் பிளஸ், மைனஸ் என்று பல வோல்ட் ஊசலாடும், ரேடியோ 0-வும் 5-ம் மட்டுமே புரிந்துகொள்ளும். நடுவே ஒன்றை மற்றொன்றாக மாற்றித்தர ஒரு மேக்ஸ்232 சிப், நான்கு கெபாசிட்டர். யுஎஸ்பி கேபிள் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். டாஸ் நிரல் சீரியல் போர்ட்டை 3எஃப்8 என்ற முகவரியில் நேராகப் போய்த் தட்டும், யுஎஸ்பி அங்கே இல்லை. அதுவுமில்லாமல் அந்தக் கேபிள்களில் எனக்கு ஒரு பழைய பயம் உண்டு. 2014-ல் ஒரு சிப் நிறுவனம் வெளியிட்ட டிரைவர், தன் சிப்பைப்போல நடிக்கும் போலிச் சிப்களைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. காலையில் வேலை செய்த கேபிள் மாலையில் கணினிக்கே தெரியாமல் போனது. வாங்கியவருக்குத் தன் கேபிளில் இருப்பது போலி என்று எப்படித் தெரியும்?

இரவு பதினோரு மணி வாக்கில் 486-ல் நிரலைத் திறந்து, 'ரேடியோவைப் படி' என்பதை அழுத்தினேன். ஒரு பட்டை மெதுவாக நகர்ந்தது. பிறகு நீலத் திரையில் ஆறு சேனல் வரிசையாக வந்து நின்றது. மூன்று சேனலுக்கு 88.5 ஹெர்ட்ஸ் டோன் (பேச்சோடு அந்த மெல்லிய ஒலியும் வந்தால்தான் ரிசீவர் வாய்திறக்கும்), ஒன்றுக்கு 123.0. மைக்கை அழுத்திக்கொண்டே பேசினால் 60 நொடியில் தானே வெட்டிவிடும்படி வைத்திருந்தார்கள். நீளமாகப் பேசும் ஆள் யாரோ இருந்திருக்கிறார். முதல் வேலையாக அதைச் சேமித்தேன், ரீட்மி எழுதியவரை நினைத்துக்கொண்டே.

அப்புறம் முதல் சேனலில் 145.500 என்று தட்டினேன். 'பீப்' என்றது. அனுமதிக்கப்பட்ட எல்லை 146 முதல் 174 வரை.

நான்கு குறைந்த பைட்

அன்றைக்கு வந்த கோபம் இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் தேடி, 486 இறக்கி, கேபிள் கட்டி, அரை மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அதுவும் ரேடியோ நிறுத்தவில்லை, நிரல் நிறுத்துகிறது. ரேடியோவிடம் கேட்டால் என்ன சொல்லும்?

அந்த எண்ணம்தான் எல்லாவற்றையும் திருப்பியது. சேனல் விவரங்கள் இருப்பது 24சி02 என்ற எட்டுக் கால் சிப்பில். மொத்தமே 256 பைட். இந்தப் பத்தியைச் சேமித்தாலே அதைவிடப் பல மடங்கு வரும். இவ்வளவு சின்ன இடத்தில் எதை ஒளித்துவிட முடியும்? சிப்பைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சாக்கெட் வைத்தேன். (போர்டிலேயே கிளிப் மாட்டிப் படிக்க முயலவேண்டாம், கிளிப் வழியாகப் போகும் மின்சாரத்தில் ரேடியோவின் மைக்ரோகண்ட்ரோலரும் விழித்துக்கொண்டு அதே கம்பியில் பேச ஆரம்பிக்கும். எனக்கு மூன்று முறை மூன்று விதமான குப்பை வந்தது.) பிறகு சோதனை எளிது. நிரலில் முதல் சேனலை 150.000 என்று வைத்து எழுதி, சிப்பைக் கழற்றிப் படித்தேன். மறுபடி மாட்டி, 150.0125 என்று வைத்து எழுதி, மறுபடி படித்தேன். இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

256-ல் மூன்றே பைட் மாறியிருந்தது. ஓரிடத்தில் ஹெக்ஸில், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில், 5060 இருந்தது 5062 ஆகியிருந்தது. அதற்கு அடுத்து 5டிசி0 இருந்தது 5டிசி2 ஆகியிருந்தது. கடைசி பைட்டில் ஏதோ ஒன்று.

5டிசி0-வைச் சாதாரண எண்ணாக மாற்றினேன். 24000. முழு எண்ணாக, ஒரு பிசிறில்லாமல் அப்படி வந்து நின்றபோது கை தானாகக் கால்குலேட்டருக்குப் போனது. 150 மெகாஹெர்ட்ஸை 24000-ஆல் வகுத்தால் 6.25 கிலோஹெர்ட்ஸ். ஆக, அலைவரிசையை 6.25-ன் மடங்காக எழுதி வைத்திருக்கிறார்கள், அலைவரிசையைப் பூட்டிப் பிடிக்கும் பிஎல்எல் சுற்று அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் முன்னால் இருக்கும் 5060? அது 20576. 24000-லிருந்து கழித்தால் 3424. அதை 6.25-ஆல் பெருக்கினால் 21400 கிலோஹெர்ட்ஸ். திறந்து கிடந்த ரேடியோவை எட்டிப் பார்த்தேன். ரிசீவர் பகுதியில் ஒரு சின்ன உலோகப் பெட்டி, கிரிஸ்டல் ஃபில்டர். அதன் தலையில் அச்சடித்திருந்தது: 21.4. மூன்று மாதமாக என் மேசைமேல், என் கண்ணெதிரே இருந்த எண். கேட்க வேண்டிய அலைவரிசையிலிருந்து இடைநிலை அலைவரிசையை, அதாவது வந்த சிக்னலை ரிசீவர் உள்ளே மாற்றிக்கொள்ளும் அந்த 21.4-ஐ, கழித்து முதல் இரண்டு பைட்டில் வைத்திருக்கிறார்கள், அனுப்பும் அலைவரிசையை அடுத்த இரண்டில்.

பிறகு மளமளவென்று விழுந்தது. டோன் 88.5 என்றால் 0375, அதாவது 885. ஒரு சேனலுக்கு எட்டு பைட்: கேட்க இரண்டு, பேச இரண்டு, டோனுக்கு இரண்டிரண்டு. 16 சேனலுக்கு 128 பைட். சிப்பில் சரிபாதி. 145.500-க்கு நானே கணக்குப் போட்டேன்: அனுப்ப 23280, அதாவது 5ஏஎஃப்0, கேட்க 19856, அதாவது 4டி90. கையால் எழுதி, சிப்பை மாட்டி, பவரைப் போட்டேன். விடாமல் ஒரே ஊளை. திரையில் எண்ணே வரவில்லை.

மணி இரண்டரை. பயந்துபோய் பழைய கோப்பையே சிப்பில் எழுதினேன், ரேடியோ ஒழுங்காக எழுந்தது. படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. கடைசி பைட்டை, 'எத்தனை முறை எழுதினோம் என்ற எண்ணிக்கையாக இருக்கும்' என்று கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். காலையில் பல் துலக்கும்போது மறுபடி அந்த மூன்று மாற்றமும் நினைவுக்கு வந்தது. 60, 62 ஆனது, இரண்டு கூடியது. சி0, சி2 ஆனது, அங்கேயும் இரண்டு கூடியது. கடைசி பைட்? ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்கு குறைந்திருந்தது.

இரண்டும் இரண்டும் நான்கு. 256 பைட்டையும் கூட்டினால் கடைசி இரு ஹெக்ஸ் இலக்கமும் பூஜ்யமாக வரவேண்டும், அதற்காகக் கடைசி பைட்டைச் சரிக்கட்டுகிறார்கள். செக்சம். கணக்கு தப்பினால் சிப்பில் ஏதோ கெட்டுவிட்டது என்று ரேடியோ ஊளையிடுகிறது. அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. 150.000-லிருந்து 145.500-க்குப் போகும்போது என் நான்கு பைட்டும் சேர்ந்து 90 கூடியிருந்தன. கடைசி பைட்டில் 90 குறைத்து எழுதினேன். '1' என்று எரிந்தது. ஊளை இல்லை. டம்மி லோடில் அழுத்தினேன், ஃப்ரீக்வென்சி கவுண்டர் 145.500-க்குப் பக்கத்தில் ஆடி நின்றது. அலையை உருவாக்கும் விசிஓ-வின் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது, பிஎல்எல் கவலைப்படாமல் பிடித்துக்கொண்டது. 146 என்ற எல்லை ரேடியோவுக்குள் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது கணினிப் பக்கம் யாரோ ஒருவர் போட்ட கோடு.

நான் உண்மையில் தேடியது

இதற்குப் பிறகு அந்த 611 கேபியை நான் ஒரே ஒரு முறைதான் திறந்தேன். நான்கு மாதம் எதைத் தேடினேன் என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால் எனக்குப் போதும். நிரலும், டாஸும், 486-ம், மேக்ஸ்232-ம் அந்த ஒரு பக்கத்தைச் சுற்றிக் கட்டிய மதில். சர்வீஸ் கையேட்டில் ஒவ்வொரு மின்தடையின் மதிப்பையும், ஒவ்வொரு சோதனைப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்பதையும் சிரத்தையாக அச்சடித்தவர்கள், சிப்புக்குள் இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நிரல் எப்போதும் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். வஞ்சகமாகச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

இதைவிடக் கொடுமையான கதைகள் உண்டு. 1980-களின் ஐகாம் ஐசி-751, ஐசி-ஆர்71 போன்றவற்றில் ரேடியோ இயங்கத் தேவையான விவரம் ஒரு சிறு ராம் பலகையில், ஒரு லித்தியம் பேட்டரியின் தயவில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சேனல் மட்டும் போகாது, ரேடியோவே எப்படி ரேடியோவாக இருப்பது என்பதை மறந்துவிடும். அதற்கும் ஆர்வலர்கள்தான் உள்ளிருப்பதைப் படித்து, பேட்டரி தேவைப்படாத மாற்றுப் பலகைகள் செய்தார்கள். 'சிர்ப்' என்ற திறந்த மூல நிரல் இன்று எத்தனையோ கம்பெனிகளின் ரேடியோக்களை ப்ரோகிராம் செய்கிறது. அதன் மூல நிரலைத் திறந்து ஒரு மாடலுக்கான கோப்பைப் பாருங்கள். நடுவில் இருப்பது நான் இரவில் கிறுக்கியதேதான்: இந்த இடத்திலிருந்து தொடங்கு, இத்தனை பைட் அலைவரிசை, இத்தனை பிட் டோன். அவற்றில் பலவும் யாரோ ஒருவர் தன் மேசையில் ஒரு எண்ணை மாற்றி, எது அசைகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியவை.

இனி நிறுவனத்துக்கு எழுதினால் நிரலைக் கேட்கப்போவதில்லை. அந்த ஒரு பக்கத்தைத்தான் கேட்பேன். கொடுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஆனாலும் 'ஆதரவு நிறுத்தப்பட்டது' என்று எழுதும் அந்த இரண்டு வரியோடு ஒரு பக்கத்தை இணைப்பது அவ்வளவு பெரிய காரியமா என்ன?

பழைய வால்வு ரேடியோக்களைத் திறந்தவர்களுக்குத் தெரியும், பெட்டிக்குள்ளேயே ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், எந்த வால்வு எந்தக் குழியில் என்று. நானும் ஒரு காகிதத்தில் அட்டவணை போட்டேன். சேனல்களுக்கு 128 பைட், டைம்-அவுட்டுக்கு ஒன்று (அதில் 3சி, அதாவது 60, அந்த நீளப் பேச்சுக்காரருக்காக), சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சுக்கு இரண்டு, கடைசியில் செக்சம். 41 பைட் என்னவென்று இன்னும் பிடிபடவில்லை. அவற்றுக்கு நேரே கேள்விக்குறி. 183-ஆம் பைட்டை மாற்றினால் பட்டன் அழுத்தும்போது வரும் பீப் கொஞ்சம் கீச்சென்று ஆகிறது, அதையும் எழுதினேன். ரீட்மிக்காரரின் கால் சைனை, அதாவது ரேடியோவில் அவரை அழைக்கும் அடையாளக் குறியை, மேலே ஓரத்தில் போட்டேன். கேள்விக்குறிகளை மட்டும் அழிக்க வசதியாகப் பென்சிலில் எழுதி, காகிதத்தை மேல்மூடியின் உட்பக்கம் ஒட்டி, நான்கு திருகையும் முடுக்கினேன்.